அறிந்த ஆசிரியரும் அறியாத தேர்வாளரும்

1857-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அது வகுப்பறை நடத்தும் நிறுவனமாகத் தோன்றவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு, கற்பிக்கும் பொறுப்பைக் கல்லூரிகளிடம் விட்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதையே அது தன் பணியாக ஏற்றது. மாணவனை ஒருநாளும் கண்டிராத ஒருவர் அவனுடைய விடைத்தாளைத் திருத்துவதே நீதி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியது இவ்வாறே. இதனை எளிதில் இகழ்ந்துவிடலாகாது. சாதியும் குடும்பச் செல்வாக்கும் ஆளும் சமுதாயத்தில், முகமறியாத் தேர்வாளர் ஏழை மாணவனுக்கு ஓர் அரணாக இருந்தார்.

ஆயினும் அந்த அரணே சிறையாகவும் மாறிற்று. 1931-இல் ஏ. டி. லிண்ட்சேயின் தலைமையில் அமைந்த குழு இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பல்கலைக்கழகத் தேர்வின் பிடியில் சிக்கி இக்கல்லூரிகள் தங்கள் நோக்கத்தை இழந்து வருகின்றன என்பது அதன் முக்கியக் கவலைகளில் ஒன்று. அதே ஆண்டில்தான் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல், ஏ. ஜி. ஹாக் முதல்வராயிருந்த காலத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் என்னும் மூன்று விடுதி மன்றங்களைச் சூழ்ந்து அங்கே ஒரு கூட்டு வாழ்வு உருவாயிற்று. ஆசிரியர் மாணவனை வகுப்பில் மட்டுமன்றி மரநிழலிலும் உணவு மேசையிலும் அறிந்தார். இருந்தும், அவனைப்பற்றி இறுதித் தீர்ப்புக் கூறும் உரிமை அவருக்கு இல்லை. விடைத்தாள் பல்கலைக்கழகத்திற்கே சென்றது.

இந்நிலை மாற நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின. சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளிக்கவேண்டுமென்று கோத்தாரிக் குழு 1966-இல் பரிந்துரைத்தது. 1978-இல் தாம்பரம் கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியின் பொறுப்பாயின. பட்டமோ பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே தொடர்ந்தது. கற்பித்தவர் மதிப்பிடுகிறார்; வெளியே நிற்கும் ஒருவர் கையொப்பமிடுகிறார். இந்த ஏற்பாட்டைச் சமரசம் என்று சிலர் குறைகூறலாம். எனக்கு இது ஞானமான ஏற்பாடாகவே தோன்றுகிறது. அகமதிப்பீட்டில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லவேண்டும். விடுதியில் தங்கும் மாணவனை அறிவதுபோல, காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பும் மாணவனை ஆசிரியர் அறிவதில்லை. அருகில் இருப்பவன் அறியப்படுகிறான். தொலைவில் இருப்பவன் வெறும் எண்ணாகிறான். இன்றைய கலப்புமுறை வகுப்பின் சிக்கல் முழுவதும் இதில் முன்னமே அடங்கியிருந்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் ரயிலும் நின்றது, வகுப்பறையும் மூடிற்று. இறுதியாண்டுத் தேர்வுகளைச் செப்டம்பர் இறுதிக்குள் நடத்தவேண்டுமென்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறையை ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதி, தாள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினர். நிலுவைத் தாள்களுக்குக் கட்டணம் செலுத்தியவர்களைத் தேர்ச்சி பெற்றவர்களாக்கும் தமிழக அரசின் அறிவிப்பு வழக்கிற்குள்ளாயிற்று. ஒருபுறம் தேர்வைக் கைவிடாத பிடிவாதம். மறுபுறம் தேர்வே வேண்டாவென்ற தாராளம். அடுத்த ஆண்டு மானியக் குழு, பாடங்களில் நாற்பது விழுக்காடுவரை இணையவழியில் கற்பிக்கலாம் என்னும் கருத்துருவை வெளியிட்டது. கற்பிக்கும் முறை கலந்தது. மதிப்பிடும் முறையோ பழைய தடத்திலேயே நின்றது.

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில் யோர்தான் துறையில் நடந்த ஒரு தேர்வைக் காண்கிறோம். அனைவருக்கும் ஒரே கேள்வி, ஒரே சொல்: ஷிபோலேத். இதைவிடச் சீரான வினாத்தாள் இருக்கவியலாது. ஆனால் அது சோதித்தது நாவின் பழக்கத்தையே. அதில் தவறியதால் நாற்பத்தீராயிரம் பேர் மடிந்தனர். ஒரே நேரத்தில், ஒரே கால அளவில், எல்லாரும் திரைமுன் அமர்ந்து எழுதவேண்டும் என்று விதிக்கும்போது நாம் சோதிப்பது ரோமர் நிருபத்தின் அறிவையா, அலைபேசிக் கோபுரத்தின் அண்மையையா? தாம்பரத்தில் தனியறை உடையவனும், முடிச்சூரில் ஒற்றை அறையில் ஐவரோடு ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்பவனும் ஒரே விதியால் சமமாகிவிடுவதில்லை.

இறையியல் கல்விக்கு இவ்வினா புதிதன்று. செராம்பூர்க் கல்லூரி 1827-இல் டென்மார்க்கு அரசரின் சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த செனட், பல ஊர்க் கல்லூரிகள் கற்பிப்பதைப் பொதுவாக மதிப்பிட்டுப் பட்டமளித்து வருகிறது. 1963-இல் குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியர் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி, எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவிற்கும் வந்தது. வீட்டில் தனிப்படிப்பு, குறித்த நாளில் ஆசிரியருடன் கூடுகை என்பதே அதன் அமைப்பு. இன்று கலப்புமுறை என்று வியந்து பேசப்படுவதில் பெரும்பகுதி இதுவே. அந்த முறையின் வலிமை அஞ்சலில் வந்த பாடநூலில் மட்டும் இருக்கவில்லை. மாணவனின் ஊருக்கே ஆசிரியர் சென்றதிலும் இருந்தது.

தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேர்முறைப் பட்டங்களுக்குச் சமமென 2022-இல் மானியக் குழு அறிவித்தது. அறிவிப்பு நம் ஐயத்தைத் தீர்த்துவிடாது. எழுத்துத் தேர்வோடு, ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வாய்மொழித் தேர்வு வேண்டும். அவனைக் கற்பித்தவர் ஒருவரும் அவனை அறியாத ஒருவரும் சேர்ந்து அதனை நடத்தவேண்டும். திரையில் பெயர் ஒளிர்ந்ததை வருகைப் பதிவாகக் கொண்டு மதிப்பெண் வழங்குவதும், ஒளிராததற்காகக் குறைப்பதும் நிற்கவேண்டும். தேர்வு மாணவனின் சபை வட்டாரத்திலேயே நடைபெறட்டும். செங்கற்பட்டிலோ மதுராந்தகத்திலோ சபைப்பணி ஆற்றிக்கொண்டே பயிலும் உபதேசியார் ஒருநாள் தேர்வுக்காக நகரில் அறை தேடவேண்டியதில்லை. செலவு மிகும் என்று நிர்வாகக் குழுவினர் சொல்வர். மாணவர் வீட்டிலிருந்தே பயில்வதால் விடுதிக் கணக்கில் மிஞ்சும் தொகையைத் தேர்வாளரின் பயணப்படிக்கு ஒதுக்கலாம்.