பூட்டப்படாத கிடங்கும் கிடைக்காத அட்டையும்



தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட மாணவர்கள் பழைய ஆசிரியரைக் காண வரும்போது, கணினியைப் பற்றி என்னிடம் பெரும்பாலும் இரண்டு வினாக்களைக் கேட்பர். "கூகுளில் வேலை செய்தால் மூன்று வேளையும் சாப்பாடு இலவசமாமே, உண்மையா ஐயா?" என்பது ஒன்று. "கிராபிக்ஸ் கார்டு ஏன் இவ்வளவு விலை விற்கிறது?" என்பது மற்றொன்று. முதல் வினாவை ஆசையோடும் இரண்டாவதை வருத்தத்தோடும் கேட்பார்கள். தனித்தனியாகத் தோன்றும் இவ்விரு வினாக்களும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. ஒரு நிறுவனம் தன் ஊழியருக்குச் சம்பளத்திற்கு மேல் எதைக் கொடுக்கிறது என்று பார்த்தால், வெளியே இருப்பவருக்கு எது எளிதில் கிடைக்கவில்லை என்பதும் விளங்கிவிடும். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

தாழ்ப்பாளை உடைத்த முதலாளி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாலோ ஆல்டோ நகரில், 1939ஆம் ஆண்டு ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் ஒரு சிறிய மகிழுந்துக் கொட்டகையில் தொடங்கப்பெற்றது. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று உலகம் அழைக்கும் வட்டாரத்தின் பழக்கவழக்கங்கள் பலவும் இந்நிறுவனத்தில் வேரூன்றியவை. அதன் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பேக்கார்ட் 1995இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். மற்றொரு நிறுவனரான பில் ஹியூலெட், ஒரு வார இறுதியில் நுண்நோக்கி ஒன்றை எடுக்கக் கருவிக் கிடங்கிற்குச் சென்றாராம். கிடங்கு பூட்டிக் கிடந்தது. அவர் தாழ்ப்பாளை உடைத்துத் திறந்ததோடு, இனி இதைப் பூட்டக் கூடாது என்று குறிப்பும் எழுதி வைத்துவிட்டுச் சென்றார்.

பொறியாளர்கள் கருவிகளையும் உதிரிப் பாகங்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், சொந்த முயற்சிகளுக்காக வீட்டிற்கும் எடுத்துச் செல்லலாம் என்பது அந்நிறுவனத்தின் வழக்கம். கையில் பொருள் இருந்தால் மனம் ஏதேனும் ஒன்றை ஆக்கும் என்று அவர்கள் நம்பினர்.

அதே நிறுவனம் 1970இல் வணிக மந்தத்தைச் சந்தித்தது. பத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டிய நிலை. ஆனால் எவரையும் நீக்கவில்லை. அனைவரும் இரண்டு வாரத்திற்கு ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு வராமல், சம்பளத்தில் பத்து விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டனர். சில மாதங்களில் நிலைமை சீரானது. இலவச உணவைவிட இதனையே மிகப் பெரிய சலுகை என்று நான் கருதுகிறேன்.

கண்ணாடிச் சாடியில் சில்லுகள்

1975இல் அந்நிறுவனத்தின் கணக்கிடும் கருவிப் பிரிவில் ஸ்டீவ் வோஸ்னியாக் என்னும் இளம் பொறியாளர் பணியாற்றினார். சொந்தமாகக் கணினி ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்குச் சிப் என்று நாம் சொல்லும் நுண்செயலிச் சில்லு தேவை. அக்காலத்தில் இன்டெல் 8080 சில்லின் பட்டியல் விலை 360 டாலர். மோட்டோரோலா 6800 சில்லும் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. ஆனால் ஹியூலெட் பேக்கார்ட் ஊழியர் என்பதால் வோஸ்னியாக்கிற்கு அது சுமார் 40 டாலருக்குக் கிடைக்கும் வாய்ப்பிருந்தது. ஊழியர் சலுகையும் கிடைத்தற்கரிய சில்லும் அப்போதே கைகோத்திருந்தன.

அவ்வாண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வெஸ்கான் என்னும் மின்னணுக் கண்காட்சி நடைபெற்றது. எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிறிய நிறுவனம் தன் 6502 சில்லை 25 டாலருக்கு விற்கப் போவதாக அறிவித்தது. கண்காட்சி அரங்கில் விற்பனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே அருகிலிருந்த தங்குவிடுதியில் ஓர் அறை எடுத்து, கண்ணாடிச் சாடியில் சில்லுகளை நிரப்பி விற்றனர். சாடியின் அடியில் கிடந்தவை வேலை செய்யாத சில்லுகள். கையிருப்பு நிறைய இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் செய்த தந்திரம் அது. ஆயினும் மேலே இருந்தவை நல்ல சில்லுகள். பணம் கொடுத்த எவரும், எந்த நிறுவனத்து ஊழியர் என்ற கேள்வியின்றி, வாங்கிச் செல்ல முடிந்தது.

வோஸ்னியாக் அந்த 6502 சில்லைக் கொண்டு கட்டியதே முதல் ஆப்பிள் கணினி. தாம் ஊழியர் என்ற முறையில் அதனை முதலில் தம் நிறுவனத்திற்கே வழங்க முன்வந்தார். நிறுவனம் வேண்டாம் என்றது. 1976இல் ஆப்பிள் பிறந்தது.

உணவுக்குப் பின்னே உள்ள கணக்கு

1999ஆம் ஆண்டு, சுமார் 40 பேர் மட்டுமே பணியாற்றிய கூகுள் நிறுவனம், சார்லி ஆயர்ஸ் என்பவரைச் சமையல் வல்லுநராகப் பணியமர்த்தியது. அதன் பின்னர் இலவச உணவும், நிறுவனப் பேருந்தும், துணி வெளுக்கும் வசதியும், உடற்பிடிப்புச் சேவையும் அவ்வட்டாரத்தில் பரவின.

இதில் தாராள மனம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கும் உண்டு. பொறியாளர் ஒருவர் வெளியே சென்று உண்டு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தின் மதிப்பு ஒரு தட்டு உணவின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். இரவு உணவும் அங்கேயே கிடைத்தால் அவர் மேலும் சிறிது நேரம் பணியில் இருப்பார். நெரிசல் மிக்க நெடுஞ்சாலையில் பேருந்து ஊரும்போதும் மடிக்கணினியில் வேலை நடக்கும். நேரம் அரிதாகிவிட்ட ஊரில் நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதே சலுகையாக அமைந்தது.

ஆயிரம் மாணவர் போடும் கணக்கு

இனி அட்டைக்கு வருவோம். என்விடியா நிறுவனம் 1993இல் தொடங்கப்பெற்றது. 1999இல் ஜிஃபோர்ஸ் 256 என்னும் வரைகலை அட்டையை வெளியிட்டு, அதற்கு ஜிபியு என்று பெயரிட்டு விளம்பரம் செய்தது. கணினியின் மையச் செயலியைக் கடினமான கணக்கை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் ஒரு பெரும் புலவராகக் கொண்டால், வரைகலைச் செயலி எளிய கூட்டல் பெருக்கலை ஒரே நேரத்தில் போடும் ஆயிரம் மாணவர்களைப் போன்றது. திரையில் இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நொடிக்குப் பல முறை நிறம் கணிக்க இந்த முறையே ஏற்றது. விளையாட்டிற்கென உருவான இந்த ஆற்றலை வேறு கணக்குகளுக்கும் பயன்படுத்த உதவும் கூடா மென்பொருளை என்விடியா 2007இல் வெளியிட்டது.

2012இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ஹிண்டனின் மாணவர்களான அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இல்யா சுட்ஸ்கெவரும் படங்களை அடையாளம் காணும் ஒரு நிரலை உருவாக்கினர். இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுச்சிக்கு அதுவே தொடக்கப் புள்ளி என்பர். அதற்குப் பயன்பட்டவை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள். பயிற்சி முடிய ஐந்தாறு நாள்கள் ஆயின. அவை விளையாட்டுப் பிரியர்கள் கடையில் வாங்கும் சாதாரண அட்டைகளே என்பது குறிப்பிடத்தக்கது. வெஸ்கான் சாடியைப் போலவே இங்கும் திறந்த கடைதான் மாணவர்களுக்குத் துணை நின்றது.

வரிசையும் குலுக்கலும்

அந்தத் திறந்த கடை மெல்ல மெல்ல அடைபடத் தொடங்கியது. எத்தீரியம் என்னும் மின்பணத்தை ஈட்டும் கணக்குகளுக்கு வரைகலை அட்டைகள் பொருத்தமானவை. ஆகவே 2017, 2018ஆம் ஆண்டுகளில் அட்டைகளை மின்பணச் சுரங்கக்காரர்கள் மொத்தமாக வாங்கிக் குவித்தனர். அக்காலத்து விற்பனை வளர்ச்சியில் மின்பணத்தின் பங்கைப் பங்குதாரர்களுக்குப் போதிய அளவில் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்கப் பங்கு ஆணையம் என்விடியாவின் மீது குற்றஞ்சாட்டியது. 2022இல் அந்நிறுவனம் 5.5 மில்லியன் டாலர் செலுத்தி அவ்வழக்கை முடித்துக்கொண்டது.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் அனைவரும் வீட்டில் முடங்கினர். செப்டம்பர் 17ஆம் நாள் 699 டாலர் விலையில் ஆர்டிஎக்ஸ் 3080 அட்டை விற்பனைக்கு வந்தது. சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. மனிதக் கை பொத்தானை அழுத்துவதற்குள் தானியங்கி நிரல்கள் வாங்கி முடித்துவிட்டன. அதே அட்டைகள் ஏல இணையத்தளங்களில் ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோயின. அமெரிக்காவின் கடை வாசல்களில் மக்கள் இரவு முழுவதும் காத்துக் கிடந்தனர். 2021இல் நியூவெக் நிறுவனம் வாங்கும் உரிமைக்கே குலுக்கல் நடத்தியது. குலுக்கலில் பெயர் விழுந்தாலும், பல நேரங்களில் தேவையற்ற வேறொரு பாகத்தையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையை என்விடியா வெளியிட்டது. எத்தீரியக் கணக்கை அது பாதி வேகத்தில் மட்டுமே செய்யும்படி கட்டுப்பாடு வைத்தது. மறு மாதமே அந்நிறுவனம் வெளியிட்ட சோதனை மென்பொருள் ஒன்று அக்கட்டுப்பாட்டைத் தவறுதலாக நீக்கிவிட்டது! 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் தன் கணக்கு முறையையே மாற்றிக்கொண்ட பின்னரே அந்தச் சுரங்க வேலை முடிவுக்கு வந்தது.

அட்டையே சலுகையானது

ஆனால் மூச்சு விடுவதற்குள், அவ்வாண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இப்போது வரிசையில் நின்றவர்கள் பெருஞ்செல்வந்தர்கள். ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசன், தாமும் எலான் மஸ்க்கும் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்கை இரவு உணவிற்கு அழைத்து, எங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாடியதாக 2024இல் கூறினார்.

சென்னையில் பிறந்தவரும் பெர்பிளெக்சிட்டி நிறுவனத்தின் தலைவருமான அரவிந்த் சீனிவாஸ் சொன்ன செய்தி நம் சிந்தனைக்குரியது. மெட்டா நிறுவனத்து ஆய்வாளர் ஒருவரை அவர் பணிக்கு அழைத்தபோது, பத்தாயிரம் எச்100 செயலிகள் உங்களிடம் இருக்கும்போது வாருங்கள் என்று பதில் வந்ததாம். அதே மெட்டாவின் தலைவர் மார்க் சக்கர்பெர்க்கும், தம்மிடம் சேர வரும் ஆய்வாளர்கள் நிறையச் செயலிகளைக் கேட்கிறார்கள் என்று 2025இல் சொன்னார். ஹியூலெட் திறந்து வைத்த கிடங்கு, நிறுவனத்தின் வாயிலுக்குள் மட்டுமே திறந்திருக்கும் கிடங்காகிவிட்டது.

உள்ளே இருப்பவரின் நிலையும் உறுதியானதன்று. 2022 மார்ச்சில் மெட்டா இலவச வெளுப்பு வசதியை நிறுத்தியது. இரவு உணவு நேரத்தை 6.00 மணியிலிருந்து 6.30க்குத் தள்ளியது. நவம்பரில் 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. 1970இல் ஹியூலெட் பேக்கார்ட் எடுத்த முடிவை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் பள்ளிகளின் கதையும் இதுவே

நிறுவனம் தரும் வசதியின் இயல்பை அறிய நாம் கலிபோர்னியா வரை செல்ல வேண்டியதில்லை. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வாறு முளைத்தவையே. லயத்து வீடும் அப்படித்தான். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் விற்கப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் பெட்டியோடு வெளியேறின என்பதை நம் மூத்தோர் அறிவர்.

ஆனால் பள்ளிகளுக்கு வேறொன்று நிகழ்ந்தது. விடுதலைக்குப் பின்னர் அவை தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. பல பள்ளிகளின் நிலம் தோட்டத்தாரிடமே தங்கிவிட்டதால் இடர்கள் நீடித்தன என்பது உண்மைதான். எனினும் தோட்டம் மறைந்த பின்னும் பள்ளி வேறிடத்திற்குப் பெயர்ந்து வாழ முடிந்தது. முதலாளி தந்த வசதி பொது உரிமையாக மாறியதே அதற்குக் காரணம்.

கணிப்பாற்றலுக்கும் அத்தகைய முயற்சிகள் தொடங்கியுள்ளன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2024 ஜனவரியில் ஆய்வாளர்களுக்கான பொதுக் கணிப்பு வளத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் இந்திய அரசு சுமார் 10,372 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. பத்தாயிரத்திற்கு மேற்பட்ட வரைகலைச் செயலிகளை ஆய்வாளர்களும் சிறு நிறுவனங்களும் பகிர்ந்து பயன்படுத்துவது அதன் ஒரு கூறு. கூகுள் கோலாப் போன்ற தளத்தில் இன்றும் ஒரு மாணவர் கட்டணமின்றி, வரம்புக்கு உட்பட்டு, வரைகலைச் செயலியை இரவல் பெற இயலும். அட்டை வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளை அடம்பிடித்தால், எதற்காக என்று கேளுங்கள். நிரல் எழுதிக் கற்பதற்கு என்றால் முதலில் இந்த வழியைக் காட்டலாம்.

வேலைக் கனவோடு வரும் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நிறுவனம் தரும் வசதிகளைப் பட்டியலிட்டு, வேலையை விட்டு வெளியேறும் நாளில் இவற்றுள் எவை உன்னுடன் வரும் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறித்துப் பார். உணவும் பேருந்தும் பத்தாயிரம் செயலிகளும் வாசலிலேயே நின்றுவிடும். கற்ற கல்வியும், சேர்த்த சேமிப்பும், ஊழியர் சேமநிதியும் உடன் வரும். இந்தக் கணக்கைப் போடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமையென்றே எண்ணுகிறேன்.