குவாதலூப்புத் தீவில் ஒரு பகல்

உல்லாசக் கப்பலொன்று காலையில் கரீபியன் கடலிலுள்ள பிரஞ்சுத் தீவாகிய குவாதலூப்பை அடைந்து, புவாந்தாபீத்தர் துறையில் அணைகிறது. மாலையில் புறப்பட்டுவிடும். கரையிறங்கிய பயணி கடைவீதியில் 'கொலம்போ' என்னும் கறித்தூளில் ஒரு பொட்டலம் வாங்குகிறான். கொத்துமல்லியும் சீரகமும் மஞ்சளும் கலந்த அம்மணம் நம் அடுக்களை மணமன்றோ! அஃது அங்கு எங்ஙனம் வந்தது என வினவ அவனுக்குப் பொழுதில்லை. நாம் வினவுவோம்.

1848-ல் பிரஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு ஆள் தேடினர். 1854 டிசம்பர் 24-ல் 'ஒரேலி' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை முதன்முதலாக அங்கே இறக்கிற்று. 1889-க்குள் ஏறத்தாழ 42,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் சென்றனர். புதுவை, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர் அவருட் பலர். ஒப்பந்தச் சீட்டு எத்தகையது என்பதை நம் தோட்டத்தாருக்கு, அதிலும் பேரேடு எழுதும் எம்போன்ற கிராணிமாருக்கு, விளக்க வேண்டுவதில்லை.

அம்மண்ணிலேயே பிறந்த அவர்தம் மக்களுக்கும் வாக்குரிமை இல்லை என்றனர் ஆட்சியாளர். காப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் வழக்காடத் தொடங்கினார். ஓராண்டன்று, ஈராண்டன்று, பத்தொன்பது ஆண்டுகள்! 1923-லேதான் அவர்கள் பிரஞ்சுக் குடிமக்களென ஏற்கப்பட்டனர். 1952-ல் அவர் மறைந்தார்.

துறைமுகக் கரையில், பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில், அடிமை வாணிகத்தின் நினைவகம் 2015-ல் திறக்கப்பட்டது. பயணி அதனைக் கண்டாலும் காணலாம். காப்பெஸ்தேர் தொலைவு. கப்பலின் சங்கு ஒலிக்கிறது. கறித்தூள் பைக்குள் இருக்கிறது.