மெட்ராஸில் ஓடிய டிராம் வண்டிகள்

டிராம் என்றதும் எல்லோருக்கும் கல்கத்தாதான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 1873-லேயே அங்கே குதிரை பூட்டிய டிராம் ஓடியிருக்கிறது. ஆனால் இந்தியாவில் மின்சாரத்தில் முதன்முதலாக டிராம் ஓடிய ஊர் மெட்ராஸ். நாள் 1895 மே 7. பம்பாய்க்கு மின்சார டிராம் வந்தது 1907-ல். அதுவும் அதே மே 7-ந்தேதி, சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து! கல்கத்தாவில் கூட 1902 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கை, 1895-ல் லண்டன் வீதிகளிலேயே குதிரைகள்தான் டிராமை இழுத்துக் கொண்டிருந்தன. ஆண்டவர்களின் தலைநகருக்கு மின்சார டிராம் வந்தது 1901-ல்.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் வீட்டுக்கு வீடு கரண்ட் கிடையாது. விளக்குக்கு எண்ணெய்தான். நகரத்துக்கு மின்சாரம் விற்கும் கம்பெனி 1900-க்குப் பிறகுதான் வந்தது. அதனால் டிராம் கம்பெனி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக் கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் டிராமுக்கு மேலே கம்பி இழுக்கவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். அதன் கீழே சின்னக் கால்வாய் போலக் குழி. மின்சாரம் பாயும் கம்பி அந்தக் குழிக்குள் போகும். வண்டியின் அடியிலிருந்து ஒரு தகடு பிளவு வழியாகக் கீழே இறங்கி அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். பார்க்க அழகாக இருக்கும், தலைக்கு மேலே கம்பிக் காடு இருக்காது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் இந்த முறையிலேயே 1962 வரை ஓட்டினார்கள்.

ஆனால் மெட்ராஸுக்கு ஐப்பசி கார்த்திகை என்று ஒன்று இருக்கிறதே! வடகிழக்குப் பருவமழை கொட்டினால் தெருவே குளமாகிவிடும் ஊரில், மின்சாரத்தைத் தரைக்கு அடியில் குழி வெட்டி வைத்தால் என்ன ஆகும்? குழிக்குள் தண்ணீர் புகுந்தது, வண்டிகள் நின்றன. ஊரின் மண்ணும் மழையும் தெரியாமல் எங்கோ உட்கார்ந்து போட்ட திட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் மேலே கம்பி இழுத்தார்கள். 1888-ல் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்தில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற எஞ்சினியர் மேல்கம்பி முறையில் பெரிய அளவில் ஓட்டிக் காட்டியிருந்தார். அதை முதலிலேயே எடுத்துக் கொண்டிருந்தால் கம்பெனிக்கு அவ்வளவு நஷ்டம் வந்திருக்காது. முதல் கம்பெனி திவாலாகி, கை மாறி, "மெட்ராஸ் எலக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்" என்ற பெயரில் மறுபடி எழுந்தது. பெயருக்குள்ளேயே 1904 என்று வருஷம் இருப்பது அதனால்தான்.

அதன் பிறகு நல்ல காலம். மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று முக்கியமான சாலைகளில் எல்லாம் டிராம் போனது. 1921-ல் சுமார் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலேறிப் பட்டணம் போனவர்களுக்கு இதுவும் பார்க்க வேண்டிய அதிசயங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

வண்டியை ஓட்டியவர்களின் கதை அவ்வளவு சுகமானதில்லை. 1918-ல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய பிறகு டிராம் தொழிலாளர்களும் சங்கம் வைத்தார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

பிறகு போட்டி வந்தது. பஸ்ஸுக்குத் தண்டவாளம் வேண்டாம், எந்தத் தெருவுக்கும் திரும்பும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்துவிட்டது. 1947-ல் அரசாங்கமே மெட்ராஸில் பஸ் விடத் தொடங்கியது. 1950 வாக்கில் டிராம் கம்பெனியிடம் பணம் இல்லை. அரசாங்கம் பஸ்ஸை எடுத்து நடத்தியது போல டிராமை எடுத்து நடத்தவில்லை. 1953 ஏப்ரல் 12-ந்தேதியோடு மெட்ராஸில் டிராம் நின்றுபோனது. அதை நம்பியிருந்த தொழிலாளர்களும் வேலை இழந்தார்கள். பம்பாயில் கூட 1964 வரை ஓடியது. முதலில் தொடங்கிய ஊர் அதற்கு முன்பே மூடிவிட்டது.

வேப்பேரியில் டிராம் வண்டிகளை நிறுத்தி வைக்கும் பெரிய ஷெட் ஒன்று இருந்தது. கம்பெனி மூடிய பிறகு அந்த இடத்தைப் பெரியார் விலைக்கு வாங்கினார். இன்றைக்குப் பெரியார் திடல் என்று சொல்கிறோமே, அது அந்த டிராம் ஷெட் இருந்த இடம்தான்.