விக்டோரியா காலத்தில் கைம்பெண்ணின் சொத்துரிமை: சேலம் மிட்டாக்களும் சிவகங்கை வழக்கும்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் கணவனை இழந்த ஒரு பெண் தன் பெயரிலுள்ள சொத்தை உயில் எழுதிப் பிள்ளைகளுக்குப் பிரித்துத் தர முடிந்தது. மூத்தவனுக்கு வீடு, இளையவனுக்குப் பணம், மகளுக்கு நகை என்று அவள் விருப்பப்படி எழுதலாம். கணவன் உயிரோடு இருக்கும் மனைவிக்குத்தான் அங்கே தடை இருந்தது. அத்தடை 1870, 1882ஆம் ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்களால் நீங்கியது. அதே மகாராணியின் ஆட்சிக்கு உட்பட்ட சேலம், நாமக்கல் சமவெளியில் ஓர் இந்துக் கைம்பெண்ணின் நிலை முற்றிலும் வேறாக இருந்தது.

சேலம் மிட்டாக்கள்

சேலம் பகுதி 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் அன்று. அது 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1802ஆம் ஆண்டுக்குப் பின் நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ் கிராமங்கள் சிறு தொகுதிகளாகக் கட்டப்பட்டு ஏலம் விடப்பட்டன. இத்தொகுதியே மிட்டா, அதை எடுத்தவர் மிட்டாதார். கிஸ்தி கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் மீண்டும் அரசிடமே வந்து ரயத்துவாரி நிலங்களாயின. எஞ்சியவை சாதாரணக் குடும்பச் சொத்தைப் போலவே பங்காளிகளுக்குள் பிரிக்கப்பட்டன.

இப்பங்கீட்டில் தாய்க்கு இடமில்லை. தென்னாட்டில் வழங்கிய மிதாட்சர முறைப்படி, மகன்கள் இருந்தால் தகப்பன் சொத்து நேராக அவர்களையே சேரும். மகன்கள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது தாய்க்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்று பழைய நூல்கள் கூறினாலும், சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் ஒழிந்துபோயிருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஜீவனாம்சம் மட்டுமே. சில குடும்பங்களில் உயிருள்ளவரை அனுபவித்துக்கொள்ளச் சிறிது நிலம் ஒதுக்குவார்கள். அவள் உண்மையாகவே தன்னுடையது என்று சொல்லக்கூடியது சீதனம் ஒன்றுதான். அதுவும் பொதுவாக மகள்களையே, அவர்களுள்ளும் மணமாகாதவளையே முதலில் சேரும்.

மகன் இல்லாமல், பாகம் பிரிந்து தனியே வாழ்ந்த கணவன் இறந்தால் நிலைமை மாறும். சொத்து மனைவிக்கே வரும். ஆனால் அது முழு உரிமை ஆகாது. விளைச்சலை அவள் அனுபவிக்கலாம்; கிஸ்தி பாக்கி, கணவன் பட்ட கடன், அவனுடைய ஈமக்கடன் போன்ற கட்டாயத் தேவை இருந்தாலன்றி நிலத்தை விற்கக் கூடாது. அவள் இறந்ததும் சொத்து அவளுடைய வாரிசுகளுக்குப் போகாது. கணவனுடைய அடுத்த வாரிசுக்கே திரும்பும். இவர்களைப் பின்னுரிமையாளர் என்பர். பஞ்ச காலத்தில் அவள் ஒரு காணி நிலத்தை விற்றிருந்தாலும், அவள் கண்மூடிய பின் பின்னுரிமையாளர் நீதிமன்றம் ஏறி, அந்த விற்பனைக்குத் தேவை இருந்ததா என்று கேட்கலாம். வாங்கியவர்தான் தேவை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே கைம்பெண் விற்கும் நிலத்துக்கு நல்ல விலை கிடைப்பது அரிது.

சிவகங்கை வழக்கு

இந்த உரிமையின் எல்லையை நாடறியச் செய்தது சிவகங்கை ஜமீன் வழக்கு. 1801இல் கம்பெனியார் கௌரி வல்லப பெரிய உடையத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தார் ஆக்கினர். அவர் 1829இல் ஆண் வாரிசு இன்றி இறந்தார். அவருடைய சகோதரர் மகன் ஜமீனைக் கைப்பற்றிக்கொண்டார். கூட்டுக் குடும்பச் சொத்து ஆண் பங்காளிக்கே சேரும் என்பது அவர் தரப்பு. ஜமீன்தாரின் மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்காடித் தோற்று, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார். முடிவைக் காணாமலேயே 1850இல் இறந்தார். வழக்கை ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார்.

1863 நவம்பரில் பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கம்பெனியார் தந்த ஜமீன் அந்த ஜமீன்தாரின் சுயார்ஜிதம். எனவே குடும்பம் பிரியாமல் இருந்தாலும் அச்சொத்து முதலில் மனைவிக்கும் பிறகு மகளுக்குமே சேரும் என்பது தீர்ப்பின் சாரம். அத்தீர்ப்பு எவர் பெயரால் நடைமுறைக்கு வந்ததோ அந்த விக்டோரியாவும் 1861 முதல் ஒரு கைம்பெண்ணே என்பது வரலாற்றின் வேடிக்கை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த போராட்டத்தில் பெண்கள் வென்றார்கள். ஆனால் வென்றது எது என்பது காத்தம நாச்சியார் 1877இல் இறந்த பிறகே தெரிந்தது. அவருடைய மகன் ஜமீனுக்கு உரிமை கோரினார். ஜமீன்தாரின் மற்றொரு மகள் வழிப் பேரன் துரைசிங்கத் தேவர் அதை எதிர்த்தார். 1881இல் பிரிவி கவுன்சில் துரைசிங்கத் தேவர் பக்கமே நின்றது. காத்தம நாச்சியார் பெற்றது பெண்ணுக்குரிய வரையறுத்த உரிமையே. அவருக்குப் பின் வாரிசு தேடும்போது அவருடைய மகனைப் பார்க்காமல், கடைசியாக முழு உரிமையோடு இருந்த ஆணாகிய தந்தையின் வாரிசைப் பார்க்க வேண்டும். பாகம் பிரிக்க முடியாத ஜமீன் என்பதால் பேரன்மாருள் மூத்தவருக்கே அது சேரும் என்றது. தாம் வழக்காடி மீட்ட ஜமீனைப் பெற்ற மகனுக்கு விட்டுச்செல்ல அந்தத் தாயால் இயலவில்லை.

ஒப்படைப்பு என்ற ஒரே வழி

கைம்பெண் தன் வாழ்நாளிலேயே சொத்தைப் பிறர் கையில் கொடுக்க ஒரு வழி இருந்தது. அதற்கு ஒப்படைப்பு என்று பெயர். தன் உரிமை முழுவதையும் அடுத்த வாரிசிடம் விட்டு அவள் விலகிக்கொள்ளலாம். மகள்களே அடுத்த வாரிசுகளாக இருந்தால் சொத்து அப்போதே அவர்கள் கைக்கு வந்துவிடும். ஆனால் பாதியைக் கொடுத்துப் பாதியை வைத்துக்கொள்ள முடியாது. ரங்கசாமிக் கவுண்டன் எதிர் நாச்சியப்பக் கவுண்டன் என்ற சென்னை மாகாண வழக்கில், விக்டோரியா காலம் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், பிரிவி கவுன்சில் இதை உறுதிப்படுத்தியது. ஒப்படைப்பு முழுமையானதாக இருக்க வேண்டும்; சொத்தைப் பின்னுரிமையாளரோடு பங்கு போட்டுக்கொள்ளும் தந்திரமாக இருக்கக் கூடாது. இங்கிலாந்துக் கைம்பெண் உயிலில் செய்த பங்கீட்டையே இங்கு தந்திரம் என்று சட்டம் விலக்கியது.

இதே காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியருக்கு 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியது. உயில் இல்லாவிட்டால் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் உள்ள முஸ்லிம் கைம்பெண்ணுக்கு எட்டில் ஒரு பங்கு அவளுடைய முழு உரிமை. சேலம் நகரில் ஒரே தெருவில் மூன்று வீட்டுக் கைம்பெண்களுக்கு மூன்று சட்டங்கள் இருந்திருக்கக் கூடும்.

பின்னர் வந்த மாற்றங்கள்

1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கூட்டுக் குடும்பத்திலும் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கைத் தந்தது. வேளாண் நிலத்துக்கு அது பொருந்தவில்லை; நிலத்தையே நம்பி வாழ்ந்த சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு அதனால் பயன் குறைவு. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் வேளாண் நிலத்தையும் சேர்த்தது. அப்போதும் வரையறுத்த உரிமைதான். 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அன்று உயிரோடு இருந்து சொத்தைக் கைவசம் வைத்திருந்த பெண்களை முழு உரிமையாளர் ஆக்கியது. அன்றுமுதல் அவர்கள் விற்கவும், உயில் எழுதவும், விரும்பிய பிள்ளைக்குக் கொடுக்கவும் முடிந்தது. அதற்கு முன்பே இறந்துவிட்ட கைம்பெண்களின் நிலங்கள் குறித்த வழக்குகளில் நீதிமன்றங்கள் பழைய பின்னுரிமை விதியையே தொடர்ந்து பின்பற்றின.