கள்ளா, களியா? மெதனோல் எச்சரிக்கைகளின் அடியிலுள்ள ஒரு கணக்குப் பிழை

வெளிநாடு செல்வோருக்கு விடுக்கப்படும் மெதனோல் எச்சரிக்கைகள் பல ஓர் அறிவுரையை முன்னிறுத்துகின்றன: உள்ளூரில் காய்ச்சிய மதுவைத் தொடாதீர்கள். இதற்குத் துணைநிற்கும் ஆய்வுப் போக்கு ஒன்றுண்டு. மரபு முறையில் புளிக்கும் பானங்களில், குறிப்பாகப் பனைக் குடும்பத்து மரங்களின் சாற்றில், நுண்ணுயிர்களே உயிர்கொல்லும் அளவுக்கு மெதனோலை ஆக்கிவிடலாம் என்பது அதன் கருத்து. இப்போக்கு தூக்கிப் பிடிக்கும் சான்றே அதற்கு எதிராகப் பேசுகிறது என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தச் சான்று நைஜீரியாவில் 2015இல் பலரைப் பலிகொண்ட ஓகோகோரோ. பனைக் குடும்பத்து மரங்களின் கள்ளிலிருந்து வடிக்கப்படும் சாராயம் அது. நஞ்சான மாதிரியில் 16.3 வீதம் மெதனோல் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. கள்ளில் உள்ள பெக்ரினை, அதாவது ஜாமை உறையச் செய்யும் தாவரப் பொருளை, நுண்ணுயிர்களின் நொதியம் உடைத்ததால் இது விளைந்திருக்கலாம் என்று அப்போக்கின் ஆய்வாளர்கள் வாசித்தார்கள். நொதியம் அப்படிச் செய்யும் என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஐயம் அளவைப் பற்றியது.

அந்த வீதத்தைக் கனவளவு வீதமாகக் கொள்வோம். ஒரு லீற்றரில் 163 மில்லிலீற்றர் மெதனோல், நிறையில் ஏறத்தாழ 129 கிராம். பெக்ரின் முழுவதும் மெதைலேற்றப்பட்டிருந்தால்கூட அதன் 190 கிராமிலிருந்து 32 கிராம் மெதனோலே கிடைக்கும். ஆகவே ஒரு லீற்றர் சாராயத்துக்கு 766 கிராம் தூய பெக்ரின் வேண்டும். 5 வீதக் கள்ளைக் காய்ச்சி 40 வீதச் சாராயமாக்க எட்டு லீற்றர் கள்ளுப் போதும். அப்படியானால் ஒவ்வொரு லீற்றர் கள்ளிலும் 96 கிராம் பெக்ரின் கரைந்திருக்க வேண்டும். எட்டு லீற்றர் அல்ல, இருபது லீற்றர் காய்ச்சினார்கள் என்று விட்டுக்கொடுத்தாலும் 38 கிராம் வருகிறது. ஜாம் உறைவதற்கு ஒரு வீதமளவு, அதாவது லீற்றருக்குப் பத்துக் கிராமளவு போதும். இயற்கைப் பெக்ரின் முழுதாக மெதைலேற்றப்படுவதில்லை என்பதையும் சேர்த்தால் தேவை இன்னும் ஏறும். இத்தனை பெக்ரின் கொண்ட நீர்மம் முட்டியிலிருந்து ஊற்றுப்படாது. அகப்பையால் அள்ள வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கத்திலேயே தெரியும். பனம்பழத்தைப் பிசைந்தெடுக்கும் பனங்களி பாயில் காய்ந்து பனாட்டாக உறைகிறது. பெக்ரின் அங்கே உண்டு. பாளையில் வடியும் சாறு அப்படி உறைவதில்லை. சுண்ணாம்பிட்டால் கருப்பநீர், இடாவிட்டால் கள்ளு. இரண்டும் தண்ணீர்போல் ஓடும். களிக்குரிய வேதியியலைக் கள்ளின்மேல் ஏற்றியதே அந்த வாசிப்பின் பிழை என்று கருதுகிறோம்.

முதலில் வடிவதைக் கொட்டாமல் விடுவதால் மெதனோல் செறிகிறது என்பர் சிலர். மெதனோல் 64.7 பாகையிலும் எதனோல் 78.4 பாகையிலும் கொதிப்பது உண்மை. ஆனால் எளிய வடிகலத்தில் நீரோடு கலந்த இவ்விரண்டும் அவ்வாறு துப்புரவாகப் பிரிவதில்லை. அன்றியும், வடித்தல் உள்ளதைத் திரட்டுமே தவிர, இல்லாததை ஆக்காது. மேலுள்ள கணக்கில் மெதனோல் முழுவதும் சாராயத்தில் சேர்ந்ததாகவே கொண்டோம். சீனியும் ஈஸ்டும் இட்ட கோடாவிலிருந்து வரும் கசிப்பை இங்கே நீள ஆராயத் தேவையில்லை. சீனியில் பெக்ரின் இல்லை.

எஞ்சுவது ஒரே விளக்கம்: தொழிற்சாலை மெதனோலை எவரோ பிறகு கலந்திருக்கிறார். 2024 யூனில் கள்ளக்குறிச்சியில் 65க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அத்தகைய கலப்பே. அதே ஆண்டு நவம்பரில் லாவோசின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தபின் அரசு தடைசெய்தவை, பெயர்ச்சீட்டு ஒட்டிய உள்நாட்டு வொட்காவும் விஸ்கியும். கள்ளு நலந்தரும் என்பதோ கசிப்பில் எவரும் கலக்கமாட்டார் என்பதோ எம் வாதமன்று. ஆபத்தை அடுப்படியில் தேடும் எச்சரிக்கை, போத்தலைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறது என்கிறோம்.

தீவகத்துச் சுருவில் கிராமத்தில் அப்படி எதுவும் நிகழ்ந்ததாக நாம் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கை அங்கே எப்படி வாசிக்கப்படும் என்பதே கேள்வி. ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு வருபவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறார். ஆனால் தம்மைப் பயணி என்று நினைப்பதில்லை, “ஊருக்குப் போறன்” என்கிறார். எச்சரிக்கையை வாசித்திருந்தால் தவறணைக் கள்ளை விலக்குவார். மருமகப்பிள்ளை எங்கிருந்தோ வாங்கிவந்த போத்தலை, சீட்டைக் கண்ட நம்பிக்கையில், கேள்வியின்றிக் குடிப்பார். காய்ச்சியவர் யார் என்பதைவிட, போத்தலை அடைத்தவர் யார், எந்தக் கடையில் வாங்கியது, மூடி யார் கையில் திறந்தது என்று கேட்கச் சொல்லும் எச்சரிக்கையே அவருக்குப் பயன்படும்.

அதற்கும் எல்லை உண்டு. மெதனோலை மணமும் சுவையும் காட்டிக்கொடா. ஈரல் அதைப் போமிக் அமிலமாக மாற்றியபின்பே கேடு தெரியும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் செல்லும், எதனோலும் சேர்ந்திருந்தால் இன்னும் பிந்தும். தலையிடியும் வயிற்றுப் பிரட்டும் வெறி முறியாததுபோல் தோன்றும். பார்வை வெண்பனிபோல் மங்குவது அப்படித் தோன்றாது. விருந்துக்கு மறுநாள் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுபவருக்கு அந்த இடைவெளி பஸ்ஸிலோ விமானத்திலோ கழியும். எதனோலோ போமெபிசோலோ கொடுத்து மாற்றத்தைத் தடுப்பதும், இரத்தச் சுத்திகரிப்பும் நேரத்தோடு நடந்தால்தான் கண் தப்பும். ஆகவே எச்சரிக்கையின் கடைசி வரி குடிப்பதற்கு முந்திய நேரத்தைப் பற்றியதாக இருந்தால் போதாது. கண் மங்கினால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போ, என்ன குடித்தாய் என்பதை ஒளிக்காமல் சொல் என்று அது சொல்ல வேண்டும்.