முடிச்சில் மலர்ந்த கலை

வாளும் முடியும் எழுதிய வரலாறுகள் பல. ஆட்டு மயிரும் வேர்ச்சாயமும் எழுதிய வரலாறு ஒன்றும் உண்டு. அதுவே பாரசீகம் என வழங்கப்பெற்ற ஈரான் நாட்டின் கம்பள வரலாறாகும்.

முடிச்சிட்டுக் கம்பளம் நெய்யும் கலை மிகத் தொன்மையானது. அல்த்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்தில், பனியுறைந்த கல்லறையொன்றிலிருந்து 1949 ஆம் ஆண்டில் ஒரு கம்பளம் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமையுடைய அது எந்நாட்டில் நெய்யப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், அக்காலத்திலேயே இக்கலை முதிர்ச்சி பெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை.

ஈரானில் இக்கலை உச்சம் எய்தியது சஃபாவிய மன்னர்கள் காலத்திலாகும். மன்னர் தமாஸ்ப் ஆட்சியில் நெய்யப்பெற்ற அர்தபீல் கம்பளமே அதற்குச் சான்று. பத்தரை மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட அதில் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் முடிச்சுகள் உள்ளன. வண்ணங்களோ பத்தே! காஷான் நகரத்து மக்சூத் என்பவரின் பெயரும், கி.பி. 1539-40 க்கு ஒப்பான இஸ்லாமிய ஆண்டு 946 உம் அதில் நெய்யப்பட்டுள்ளன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893 இல் 2,000 பவுனுக்கு அதனை வாங்கிற்று. அதனைச் செப்பனிடுவதற்காக அதன் இணைக் கம்பளம் வெட்டப்பட்டது. குறைவுற்ற அவ்விணை இன்று லாஸ் ஏஞ்சலிசில் உள்ளது.

ஊர்தோறும் இக்கலை வெவ்வேறு முகம் காட்டுகின்றது. காஷான், இஸ்பகான் நகரங்களின் பட்டறைகளில், கட்டமிட்ட தாளில் வரைந்த படத்தைப் பார்த்து நெய்வர். முடிச்சுகள் நெருக்கமாக அமைவதால் கொடியும் மலரும் வளைந்து நெளிகின்றன. தப்ரீஸ் நெசவாளர் சிறு கொக்கியால் விரைந்து முடிச்சிடுவர். ஹெரீஸ் வட்டாரக் கம்பளத்திலோ முடிச்சுகள் பருமனானவை. ஆதலின் மலரும் நேர்கோட்டு வடிவே கொள்கின்றது. பார்ஸ் மாநிலத்தில் மந்தையோடு இடம்பெயரும் கஷ்காய் மகளிர், நிலத்தில் கிடத்திய தறியில் வரைபடமின்றி நினைவினின்றே நெய்கின்றனர். அதனால் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை.

இக்கலைக்குச் சோதனைகளும் நேர்ந்தன. 1722 இல் ஆப்கானியரிடம் இஸ்பகான் வீழ்ந்தபோது அரண்மனைப் பட்டறைகள் நலிந்தன. ஆயினும் சிற்றூர்களிலும் கூடாரங்களிலும் தறிகள் ஓயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு வேதியியற் சாயங்கள் வந்தன. மஞ்சிட்டி இனத்து வேரையும் அவுரியையும் மாதுளைத் தோலையும் ஊறவைத்துக் காய்ச்சும் உழைப்பினும், கடைச்சாயம் எளிதாயிற்று, மலிவுமாயிற்று. ஆனால் அது விரைவில் வெளிறியது. கம்பளத்தின் நற்பெயரும் அதனோடு வெளிறியது. அரசு தடை விதித்தும் அது முற்றும் ஒழியவில்லை. பழைய சாய முறையை உள்ளூர் மக்கள் கைவிடாது காத்தமையாலேயே பின்னர் அதனை மீட்க முடிந்தது.

2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பார்ஸ், காஷான் ஆகிய இரு வட்டாரங்களின் கம்பள நெசவுத் திறனை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் மகள் கற்கும் கல்வியே அவ்விடங்களில் இக்கலையின் உயிர்நாடி.

மக்சூதின் பெயரை உலகம் அறியும். ஆயின், அக்கோடிக்கணக்கான முடிச்சுகளை இட்டோர் எவர்? அவர்தம் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. மன்னர் தந்த புகழ் மன்னரோடு மாய்ந்தபோதும், கற்றதைக் கற்பித்துச் சென்ற பெயரறியாக் கைகளே இக்கலையை வாழவைத்தன. எந்த மரபும் நிலைபெறும் வழி இதுவேயன்றோ!