புதியதும் பழகியதும்



சனிக்கிழமை இரவு ஒன்பது மணி அளவில் திருவொற்றியூரில் எந்தத் தெரு வழியே நடந்தாலும், வீட்டுக்கு வீடு ஒரே பாட்டும் ஒரே சிரிப்பொலியும் கேட்கும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் இதே நிலைதான். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வாரமெல்லாம் உழைத்தவர்கள், மறுநாள் ஓய்வு என்ற நிம்மதியோடு தொலைக்காட்சியின் முன் அமர்கின்றனர். “இதுவரை காணாத புதுமை” என்று அறிவிப்பாளர் முழங்குகிறார். ஆயினும் சற்றுக் கூர்ந்து நோக்கினால், சென்ற ஆண்டு கண்ட மேடை, சென்ற ஆண்டு கேட்ட பாட்டு, நடுவர் எழுந்து நின்று கைதட்டுவது, தோற்றவர் கண்ணீரோடு விடைபெறுவது ஆகிய யாவும் அப்படியே இருக்கக் காண்கிறோம். அவ்வாறிருந்தும் மக்கள் சலிப்படையாதது ஏன்? புதுமை என்று இங்கே சொல்லப்படுவது எது? பழகியது எது? இவ்விரண்டுக்கும் உள்ள உறவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் தொலைக்காட்சி நம்மிடம் வந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். இந்தியாவில் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தோன்றியது. நான் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். இராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பெட்டி வரச் சில ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டுச் சன்னலில் இடம் பிடிப்பதற்குப் பிள்ளைகளிடையே நாள்தோறும் போட்டி. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்த் திரைப்படம் என்ற இரண்டும் வாரத்தின் திருவிழாக்களாகவே கருதப்பட்டன. எங்கள் ஊரார் பலர் வேலை பார்த்த எண்ணூர் அனல் மின் நிலையம் மின்சாரம் தந்துகொண்டிருந்த காலம் அது. 1970 இல் உற்பத்தி தொடங்கிய அந்நிலையம் 2017 இல் மூடப்பட்டது.

‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியில் ஒளிபரப்பாகியவை பெரும்பாலும் திரையரங்கிலும் வானொலியிலும் முன்னரே கேட்டுப் பழகிய பாடல்களே. கருவிதான் புதியது, பாட்டு பழையது. 1987 ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் இராமானந்த சாகரின் இராமாயணத் தொடர் வந்தபோது இவ்வுண்மை இன்னும் தெளிவாயிற்று. இந்தி ஒரு சொல்லும் அறியாத மூதாட்டியர் எங்கள் பகுதியில் அதைக் கண்கொட்டாமல் பார்த்தனர். மொழி புரியாதபோதும் கதை புரிந்தது. ஏனெனில் கதை அவர்களுக்கு முன்பே தெரியும். புதிய கருவியொன்று வீட்டுக்குள் நுழையும்போது, பழகிய கதையின் கையைப் பிடித்துக்கொண்டே நுழைகிறது என்பது இதனால் விளங்கும்.

இது தொலைக்காட்சிக்கு மட்டும் உரிய குணமா? இதற்கு விடை காண, அதற்கு முந்திய இரவுகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வட சென்னையின் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் வேலை தேடி வந்தோரில் பலர் வட ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களின் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். அவ்வூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது விடிய விடியத் தெருக்கூத்து நடைபெறும். துகிலுரிதலும் கர்ணன் மடிவதும் அங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரிந்த கதைகள். பின் எதற்காக மக்கள் கண்விழித்து அமர்ந்திருந்தனர்? இந்த ஆண்டு துரியோதனன் எப்படித் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படுவான், கட்டியங்காரன் எதைச் சொல்லிச் சிரிக்கவைப்பான் என்று காண்பதற்காகவே. கட்டியங்காரன் பாரதக் கதைக்கு நடுவே ஊர்த் தலைவரின் கஞ்சத்தனத்தையும் அரிசி விலையையும் நுழைத்துவிடுவான். கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தமையால்தான் அவனால் அதை விட்டு விலகி ஓடவும், மீண்டும் வந்து சேரவும் முடிந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்களை நடிகர்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில் நடத்தினர். அம்முறை வியக்கத்தக்கது. ஓர் ஊரிலிருந்து நாரதர் வருவார். வேறோர் ஊரிலிருந்து வள்ளி வருவார். இருவரும் ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். அன்றிரவே மேடையேறி, வாதத்துக்கு எதிர்வாதமும் பாட்டுக்குப் பதில் பாட்டுமாக விடியும்வரை நடிப்பார்கள். பொதுவான கதையும் மெட்டும் அவர்களுக்கு மனப்பாடம். அந்த உறுதியான தரை காலடியில் இருந்ததனால் அவர்களால் துள்ளிக் குதிக்க முடிந்தது.

அக்காலத்து நாடகக் குழுக்களுள் ஒன்றின் பெயர் ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’. எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்து நடித்தது இக்குழுவில்தான். ‘ஒரிஜினல்’ என்று பெயரில் பறைசாற்றிக்கொண்ட இக்குழுவினர் நடித்தவற்றுள் பல, ஏனைய குழுக்களும் நடித்த அதே புராண, இதிகாசக் கதைகளே! பெயரில் புதுமை, கதையில் பழக்கம் என்ற வியாபார நுணுக்கத்தை அந்நாளையோர் நன்கறிந்திருந்தனர். சென்னை வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடக அரங்கில் இத்தகைய குழுக்கள் பல வந்து நடித்தன. வட சென்னைவாசிகளுக்கு அது நடந்து போகும் தொலைவுதான்.

இனி இன்றைய சின்னத்திரைக்குத் திரும்புவோம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. இலங்கை வானொலியில் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை வானொலியிலிருந்து சின்னத்திரைக்குக் கொண்டுவந்தார். கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாட வேண்டும் என்பது விதி. அந்தாதித் தொடை பயின்ற தமிழருக்கு எழுத்தைப் பற்றிக்கொண்டு பாட்டுக்குத் தாவும் விளையாட்டு எப்படி அந்நியமாகும்? விஜய் தொலைக்காட்சியில் 2005 இல் வந்த ‘கலக்கப் போவது யாரு’ நிகழ்ச்சியில் இளைஞர்கள் நடிகர்களின் குரலில் பேசிச் சிரிக்கவைத்தனர். குரல் பழகியது, பேச்சு புதியது. 2006 இல் தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ போட்டியிலோ பாட்டு பழகியது, குரல் புதியது. 2019 இல் தோன்றிச் சனி, ஞாயிறு இரவுகளைப் பிடித்துக்கொண்ட ‘குக் வித் கோமாளி’யில் சமையல் போட்டி என்ற பழகிய சட்டத்துக்குள் கோமாளி நுழைந்தார். தெருக்கூத்தைக் கண்டவர்களுக்கு இவர் புதியவர் அல்லர். கட்டியங்காரனின் பேரப்பிள்ளை என்று உடனே தெரிந்துகொள்வார்கள். சமைப்பவரின் கவனத்தைக் கலைத்து, விதியைக் கேலி செய்து, நடுவரையும் சிரிக்கவைக்கும் அப்பணி கூத்து மேடையில் நெடுநாள் பழகியது. இந்நிகழ்ச்சி பின்னர் கன்னடம் முதலிய மொழிகளுக்கும் சென்றது.

ஆனால் எல்லாச் சட்டங்களும் நம் வீட்டில் செய்தவை அல்ல. 2000 இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’, 1998 இல் பிரிட்டனில் பிறந்த வினாடி வினா நிகழ்ச்சியின் தமிழ் வடிவம். 2017 ஜூன் மாதம் கமல்ஹாசன் நடத்தத் தொடங்கிய ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியின் மூலம், 1999 இல் நெதர்லாந்தில் தோன்றியது. கடன் வாங்குவது இழுக்கு என்று நான் சொல்ல வரவில்லை. 1891 இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். பெயரும் பேச்சும் பழக்க வழக்கமும் தமிழாகும்வரை அவர் உழைத்தார்; அந்த உழைப்பே அவருடைய புதுமை.

சட்டம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் உலகில் நடந்திருக்கிறது. பிரிட்டனில் ஹியூகி கிரீன் என்பவர் ‘ஆப்பர்சூனிட்டி நாக்ஸ்’ என்ற திறமைப் போட்டியைப் பல்லாண்டுகள் நடத்தினார். அவையோரின் கைதட்டலை அளந்து காட்டும் கருவி ஒன்றும், வாரந்தோறும் திரும்ப வரும் சில சொற்றொடர்களும் அதன் அடையாளங்கள். நியூசிலாந்து ஒலிபரப்புக் கழகம் அதே பெயரில், அதே போன்ற நிகழ்ச்சியை நடத்தவே, அவர் வழக்குத் தொடுத்தார். 1989 இல் பிரிவி கவுன்சில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாரந்தோறும் உள்ளடக்கம் மாறும் நிகழ்ச்சியில், இத்தகைய பொதுவான அடையாளங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பதிப்புரிமை கோர இயலாது என்பது அதன் சாரம். சட்டம் வெறும் கூடு. அதற்குள் யார் வந்து என்ன செய்கிறார் என்பதில்தான் உயிர் இருக்கிறது என்று நாம் இதிலிருந்து பொருள் கொள்ளலாம்.

இதுவரை கூறியவற்றால், பழகியது புதியதற்குப் பகை அன்று என்பது தெளிவாகும். பழகியதுதான் அளவுகோல். மூலப்பாடல் நம் காதில் இருப்பதால்தான், போட்டியில் பாடும் சிறுமி எங்கே ஒரு சங்கதியைக் கூட்டினாள், எங்கே தடுமாறினாள் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஆனால் இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அளவுகோலில் இடம்பெறாத பாட்டை எதனால் அளப்பது?

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டு விழாப் பாட்டுப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் யாவரும் திரைப்பாடல் பாடினர். மீனவர் குப்பத்து மாணவன் ஒருவன் மட்டும், கரைவலை இழுக்கும்போது அவன் பாட்டனார் பாடும் அம்பாப் பாட்டைப் பாடினான். ஒருவர் பாட மற்றவர்கள் சேர்ந்து இழுத்துக்கொண்டே பதில் குரல் கொடுக்க வேண்டிய பாட்டு அது. தனியாக நின்று பாடிய அவனுக்குப் பதில் குரல் கொடுக்க அரங்கில் ஒருவரும் இல்லை. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மதிப்பெண் இட அவர்களிடம் அளவுகோல் இல்லை. பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அவன் தன் வகுப்பாருக்கு அந்தப் பதில் குரலைக் கற்றுக்கொடுத்துவிட்டு மேடையேறினான். முதல் அடி முடிந்ததும் நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் எழுந்தனர். கேட்டிருந்த பெற்றோர் மூன்றாம் அடியில் தாமும் சேர்ந்துகொண்டனர். பாட்டு மாறவில்லை, ஓராண்டுக்குள் கேட்பவர்களின் பழக்கம் மாறியிருந்தது.

கானாவின் வரலாறும் இதையே கூறுகிறது. வட சென்னையின் சாவு வீடுகளிலும் தெரு முனைகளிலும் பாடப்பட்டு வந்த கானாவைப் பெருந்தெருக்காரர்கள் நெடுநாள் இசையாகவே மதிக்கவில்லை. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைப்படங்களில் பரவலாகப் புகுத்தினார். அதுவே மாநிலம் முழுவதும் முணுமுணுக்கும் பாட்டாயிற்று. 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறிக் கானாவைத் தன் சொந்தக் குரலிலும் சொந்தப் பொருளிலும் பாடியது. அதைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

ஆகவே மாணவர்களே, “இந்நிகழ்ச்சி புதியதா, பழையதா?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “எனக்குப் பழகியது எது என்பதை முடிவு செய்தவர் யார்?” என்றும் கேளுங்கள். கூத்தின் காலத்தில் ஊர் அதை முடிவு செய்தது. ஒரே நிலையம் இருந்த காலத்தில் அரசு அலுவலகம் முடிவு செய்தது. இன்று பெரும்பாலும் விளம்பரதாரரும் நிகழ்ச்சிச் சட்டங்களை விற்பவரும் முடிவு செய்கின்றனர். கண்ணுக்கு முன் வருவது மீண்டும் மீண்டும் வந்து பழகிவிடுகிறது. வராதது, நம் பக்கத்துத் தெருவில் இருந்தாலும், அந்நியமாகவே நின்றுவிடுகிறது. வலை இழுப்பவரின் பாட்டும், துறைமுகத்தில் சுமை தூக்கியவரின் பாட்டும் திறமை இல்லாமல் மறையவில்லை; கேட்டுப் பழகிய செவி இல்லாமல் மறைகின்றன. இந்த இழப்பைத் தடுப்பது தொலைக்காட்சி நிலையத்தார் கையில் மட்டும் இல்லை.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் இளமையில் கேட்ட பாட்டு ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மெட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அதை நான்கு நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நான்கு பேருக்குப் பழகிய பாட்டை மேடையேற்றலாம். நாற்பது பேருக்குப் பழகிய பாட்டை எந்த நடுவரும் அளவுகோல் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.